தூத்துக்குடியிலிருந்து மலையேறிய படகு... கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய கலெக்டரின் கதை!

கரீபியன் தீவுகள்ல பாய்மரப் படகுல சுத்துற ரீல்ஸைப் பார்த்து பெருமூச்சு விடுற ஆளா நீங்க? நம்ம பட்ஜெட்டுக்கு பஸ் ஏறி, கொடைக்கானல் ஏரியில அரை மணி நேரம் பெடல் மிதிச்சாலே ஹாலிடே முழுமையாகிடும். ஆனா, அந்த ஏரி இயற்கையா உருவானது இல்லைன்னு தெரியுமா? அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருக்கார். பேரு வெரே ஹென்றி லெவிஞ்ச்.

1819-ல் பிறந்தவர். அயர்லாந்தைச் சேர்ந்த பிரபுக் குடும்பம். பிரிட்டிஷ் ஆட்சியில அதிகாரியா வேலை பார்க்க இந்தியாவுக்கு வந்தவர், 1860-களில் மதுரை கலெக்டரா இருந்தார். பழநி மலை அப்போ மதுரை மாவட்டத்துலதான் இருந்தது.

அவருக்கு முன்னாடியே கொடைக்கானலுக்கு ஆட்கள் வந்துட்டாங்க. மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-லேயே இங்கே பங்களா கட்டினாங்க. ஆனா, அன்னிக்கு அது சில வீடுகள் மட்டுமே இருந்த ஒரு மலைக்குடியிருப்பு. வீடுகளுக்குக் கீழே பள்ளத்துல சதுப்பு நிலம், அதுல ஓடி வர்ற மூணு ஓடைகள். அவ்வளவுதான்.

மத்தவங்க கண்ணுக்குச் சேறா தெரிஞ்ச இடம், லெவிஞ்ச் கண்ணுக்கு ஏரியா தெரிஞ்சது. 1863-ல் அந்த ஓடைகளை மறிச்சு கரை கட்டினார். அதுக்குத் தன் சொந்தப் பணத்தையே செலவு பண்ணினார். தண்ணி பள்ளத்தாக்கோட மடிப்புகளுக்குள்ள எல்லாம் புகுந்து நின்னதால, ஏரிக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு வடிவம் கிடைச்சது. பரப்பளவு சுமார் 60 ஏக்கர். இன்னிக்கு நாம சைக்கிள்ல சுத்தி வர்ற அந்த 5 கிலோமீட்டர் ரோடு, அவர் போட்ட கரைக்குக் கிடைச்ச போனஸ்!

ஏரி ரெடி. படகு?

அதைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைச்சார் மனுஷர். இதுலதான் விஷயமே இருக்கு. மதுரைக்கு ரயில் வந்ததே 1875-ல்தான். கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வந்தது 1914 வாக்கில். அப்போ மேல போகணும்னா பெரியகுளம் பக்கம் அடிவாரத்துலேருந்து மலைப்பாதையில நடக்கணும், இல்லைன்னா குதிரை. வசதியானவங்களை நாற்காலியில உட்காரவெச்சுச் சுமந்துட்டுப் போவாங்க கூலியாட்கள். அப்படிப்பட்ட பாதையில, கடலோரத்துப் படகு ஒண்ணு சுமார் 7,000 அடி உயரத்துக்கு ஏறியிருக்கு. அதை மேல கொண்டுவந்து சேர்த்தவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்லை.

படகோட நிறுத்தலை. ஏரியில மீன் குஞ்சுகளை விட்டார். ஐரோப்பியப் பழ மரங்கள், காய்கறிகள், பூக்களைக் கொண்டுவந்து மலையில வளர்த்துப் பார்த்தார். மலைப்பாதையைச் சீர்படுத்துறதிலும் அவர் பங்கு பெருசு.

1867-ல் ரிட்டயர்மென்ட். அந்தக் காலத்து அதிகாரிகள் வழக்கமா மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவாங்க. லெவிஞ்ச் கப்பல் ஏறலை, மலை ஏறினார். கொடைக்கானலையே தன் வீடா ஆக்கிக்கிட்டார். ஊருக்கான வேலைகளைத் தொடர்ந்து செஞ்சார். 1885-ல் இறந்துபோனார். அவர் நினைவா ஒரு கல் சிலுவை இன்னிக்கும் கொடைக்கானல்ல நிக்குது.

அவர் போய் 5 வருஷம் கழிச்சு, 1890-ல் ஏரியில படகு கிளப் ஆரம்பிச்சது. வெயில் தாங்காத வெள்ளைக்காரங்க பொழுதுபோக்குக்காக உருவான ஏரிதான் இது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா, இன்னிக்கு அந்தத் தண்ணி எல்லாருக்கும் சொந்தம். படகு ஓட்டுறவர், கரையில சோளம் சுட்டு விக்கிற அக்கா, குதிரைக்காரர்னு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுறதும் இதே ஏரிதான்.

தானா உருவான ஏரின்னா, அது தன்னைத் தானே பார்த்துக்கும்னு விட்டுடலாம். இது ஒருத்தர் காசுலயும், பேர் தெரியாத பலர் உழைப்புலயும் உருவான ஏரி. யாராவது பார்த்துக்கிட்டே இருந்தாதான் இருக்கும். அடுத்த தடவை படகுல ஏறும்போது செல்ஃபி எடுங்க, தப்பில்லை. கையில இருக்கிற சிப்ஸ் கவரை மட்டும் பத்திரமா பையில போட்டுக்குங்க!