எம். ஜே. கோபாலன்

ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்து ஆடுவோர் காயமுறுதல் புதிதன்று. கோலடியால் விரல் முறிந்தும், விரைந்து வரும் பந்து பட்டு முழங்கால் நொந்தும், திறன் மிக்க வீரர் பலர் களத்தின் ஓரத்தே அமர்ந்து காலங் கழித்ததுண்டு. ஆயின் உடலில் யாதொரு குறையுமின்றி, உரம் நிறைந்த பருவத்திலேயே, தம் நாட்டு அணியின் பெருவெற்றியிற் பங்கு கொள்ளாது போன வீரர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவரே எம். ஜே. கோபாலன்.

குயிலாப்பாளையம், திண்டிவனம் முதலிய ஊர்களினின்று சென்னைக்குச் செல்வோர் செங்கற்பட்டு நாட்டைக் கடந்தே செல்வர். அந்நாட்டு மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் கோபாலன் பிறந்தார். அவர்தம் இளமையிலேயே குடும்பம் திருவல்லிக்கேணியிற் குடியேறிற்று. சேப்பாக்கம் ஆடுகளம் அங்கிருந்து கூப்பிடு தொலைவே. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேய ஆட்டக்காரராகிய சி. பி. ஜான்ஸ்டன் என்பார், இவ்விளைஞர் விரைவாகப் பந்து வீசும் திறங் கண்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை பெறவும் துணை நின்றார்.

கோபாலன் கிரிக்கெட், வளைகோற்பந்து என்னும் இரண்டிலும் ஒருங்கே வல்லவரானார். 1934ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் பந்தயம் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய பந்தயத்தோடு ரஞ்சிக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. அப்போட்டியின் வரலாற்றில் முதற் பந்தை வீசியவர் கோபாலனே. அப்பந்தயம் ஒரே நாளில் முடிந்து போயிற்று என்பது வியப்பான செய்தி.

வளைகோற்பந்தில் அவர் ஆடியது சென்டர் ஆஃப் என்னும் நடுவிடம். முன்னணியினர்க்குப் பந்தை ஊட்டுதலும், எதிரிகள் பாய்ந்து வருங்கால் தடுத்தலும் ஆகிய இருபெருஞ் சுமையும் அவ்விடத்தார் தோள்மேலன. 1935ஆம் ஆண்டு நியூசிலாந்து சென்ற இந்திய அணியில், தியான் சந்துடன் கோபாலனும் சென்றார். அப்பயணத்தில் அவ்வணி 48 பந்தயங்கள் ஆடி 584 கோல்கள் அடித்தது!

மறு ஆண்டு இக்கட்டு நேர்ந்தது. பெர்லின் ஒலிம்பிக்கிற்கு வளைகோற்பந்து வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்களுக்கு வருமாறு ஓர் அழைப்பு. இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் ஓரிடம் மற்றொன்று. இரண்டையும் ஏற்க இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பின்னாளில் இதனைப் பிழையென்று பேசினோர் பலர். விளைச்சலைக் கண்டபின் விதைத்தவனைக் குறை கூறுதல் எளிது. அன்று விளைவை யார் அறிவார்?

இங்கிலாந்து சென்ற அணி விஜயநகரம் மகாராஜகுமாரரின் தலைமையில் உட்பூசலால் நலிந்தது. சிறந்த வீரராகிய லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பெற்றார். விரைவுப் பந்து வீசுதற்கு முகமது நிசாரும் அமர் சிங்கும் இருந்தமையால் கோபாலனுக்கு இடம் அரிதாயிற்று. மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் அவர் களமிறக்கப்பெறவில்லை. இரண்டில் இந்தியா தோற்றது. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

மாணவர்களே, இனி வருவதைக் கருதிப் பாருங்கள். 1936 ஆகஸ்டு 15ஆம் நாள் இலண்டன் ஓவல் ஆடுகளத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கிற்று. கோபாலன் அணியில் இல்லை. அதே நாளில் பெர்லினில் வளைகோற்பந்து இறுதி ஆட்டம் நடைபெற்றது. தியான் சந்தின் அணி செருமனியை எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. முந்தைய ஆண்டு உடன் ஆடிய தோழர் சிலர் அங்கே வாகை சூட, கோபாலன் கடலுக்கு இப்பால் வாளாவிருந்தார்.

மனம் உடைந்து ஒதுங்கினாரல்லர். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் சென்னை அணிக்கு ஆடினார். அதன் தலைமையும் ஏற்றார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53இல் தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. பிற்காலத்தில் இந்திய கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தார்; ஆடுவோர் யார், அமர்ந்திருப்போர் யார் என்று வகுக்கும் பொறுப்பு அவர் கைக்கே வந்தது. 1964இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சென்னையிற் காலமானபோது, டெஸ்ட் ஆடி உயிர் வாழ்ந்தோருள் உலகிலேயே மூத்தவர் அவரே. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றைத் தவிர வேறு டெஸ்ட் அவர் ஆடியதில்லை.