அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பெண்: பிரேசிலின் எத்தனாலுக்கு வேர் கொடுத்த ஜோஹன்னா டோபரைனர்

வேளாண் விரிவாக்க மையத்தில் நீங்கள் வாங்கும் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் பயிரின் பெயர் இருக்கும், காலாவதி தேதி இருக்கும். அந்த நுண்ணுயிரியின் பயனை உலகுக்குக் காட்டியவரின் பெயர் இருக்காது. அவர் ஜோஹன்னா டோபரைனர். பிரேசில் நாட்டின் மண் விஞ்ஞானி. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி மறைந்தார்.

இன்று கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கிறார்கள். கரும்பு எத்தனாலில் நமக்கெல்லாம் முன்னோடி பிரேசில். அந்த நாட்டின் திட்டம் நிலைத்ததற்கு ஆலைகள் மட்டும் காரணம் இல்லை. வேரடி மண்ணில் நடந்த ஒரு வேலையும் காரணம். அதைச் செய்தவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், உங்கள் யூரியா செலவைப் பற்றியும் வேறு கோணத்தில் யோசிப்பீர்கள்.

மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிய வாழ்க்கை

ஜோஹன்னா 1924 நவம்பர் 28ஆம் தேதி, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பால் குபெல்கா ஒரு வேதியியல் அறிஞர். பிராக் நகரில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன் மொழிக்காரர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குடும்பம் சிதறியது. தாய் முகாமில் இறந்துபோனார். இருபது வயதுப் பெண் ஜெர்மனியில் ஒரு பண்ணையில் பால் கறந்தும், வயலுக்கு எரு சுமந்தும் பிழைத்தார்.

அந்த நிலையிலும் படிப்பை விடவில்லை. மியூனிக் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து முடித்தார். அங்கே கால்நடை மருத்துவம் படித்த யூர்கன் டோபரைனரைத் திருமணம் செய்துகொண்டு, 1950இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தார். தந்தை ஏற்கெனவே அங்கே போயிருந்தார். ரியோ டி ஜெனிரோ நகரத்துக்கு அருகே செரோபெடிகா என்ற ஊரில் வேளாண் அமைச்சகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1951இல் அங்கே மண் நுண்ணுயிர் ஆய்வில் சேர்ந்தார். கடைசி வரை அதே ஊரில்தான் வேலை பார்த்தார். 1956இல் பிரேசில் குடியுரிமை பெற்றார். 1963இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சோயாவில் எடுத்த முதல் முடிவு

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், அதாவது நம் தழைச்சத்து. ஆனால் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. உளுந்து, நிலக்கடலை போன்ற பயிர்களின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் அதைப் பிடித்துக் கொடுக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

1960களில் பிரேசில் அரசு சோயாவைப் பெரிய அளவில் கொண்டுவர முடிவு செய்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. தழைச்சத்து உரம் போட்டு ரகம் தேர்வு செய்வதா, அல்லது உரம் போடாமல் ரைசோபியத்தை மட்டும் நம்பித் தேர்வு செய்வதா? அமெரிக்க வழியில் உரத்தோடு போகலாம் என்றவர்கள் இருந்தார்கள். டோபரைனர் இதை எதிர்த்தார். அவர் சொன்ன காரணத்தை ஒரு விவசாயி எளிதாகப் புரிந்துகொள்வார். உரம் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு கட்டச் சோம்பல்படும். அப்படிப்பட்ட செடிகளிலிருந்து ரகம் தேர்வு செய்தால், உரம் இல்லாமல் வாழத் தெரியாத ரகம்தான் கிடைக்கும். பிறகு விவசாயி ஆண்டுதோறும் உர மூட்டைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

அரசின் சோயா திட்டம் அவர் சொன்ன வழியில் போனது. இன்று உலகில் மிக அதிகமாகச் சோயா விளைவிக்கும் நாடுகளில் ஒன்று பிரேசில். அங்கே சோயாவுக்குத் தழைச்சத்து உரம் ஏறக்குறைய போடுவதே இல்லை. இதனால் அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் மிச்சம். ஒரு விஞ்ஞானியின் பேச்சை அரசு சரியான நேரத்தில் கேட்டதால் வந்த பலன் இது.

புல் வேரில் கிடைத்த புதையல்

பயறு வகைகளுக்கு முடிச்சு உண்டு. நெல், மக்காச்சோளம், கரும்பு, தீவனப்புல் ஆகியவற்றுக்கு இல்லை. அதனால் காற்றுத் தழைச்சத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைய அறிஞர்கள் பலர் நினைத்தார்கள். டோபரைனர் அப்படி நினைக்கவில்லை. 1950களிலேயே கரும்பு வேரைச் சுற்றியுள்ள மண்ணில் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாக்கள் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருந்தார்.

1970களில் இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் டே என்பவருடன் சேர்ந்து புல் வேர்களை ஆராய்ந்தார். அதில் சுருள் வடிவ பாக்டீரியா ஒன்று கிடைத்தது. டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் 1925இல் அதைப் பற்றி எழுதியிருந்தார். பிறகு உலகம் அதை மறந்துவிட்டது. 1978இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

அதை அவர் பிடித்த விதம் சுவையானது. இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். ஆனால் காற்று அதிகமானால் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நின்றுபோகும். அதனால் அவர் கெட்டியாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல், குழைந்த கூழ் போன்ற ஊடகத்தைச் சிறு குப்பிகளில் ஊற்றி, அதில் வேர்த் துண்டுகளைப் போட்டார். பாக்டீரியா தனக்கு எந்த ஆழத்தில் காற்று சரியாக இருக்கிறதோ அங்கே தானே போய்ச் சேர்ந்தது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஏழை நாடுகளின் ஆய்வகங்களும் இதைச் செய்ய முடிந்தது. அதனால் இந்த முறை உலகம் முழுவதும் பரவியது. இந்தியாவிலும் அசோஸ்பைரில்லம் ஆய்வு விரைவிலேயே தொடங்கி, உயிர் உரமாக வயலுக்கு வந்தது.

எதிர்ப்பும் வந்தது. முதலில் பயன்படுத்திய அளவீட்டு முறைகள் தழைச்சத்தைக் கூடுதலாகக் காட்டின. அமெரிக்காவில் நடந்த சில வயல் சோதனைகள் பலன் தரவில்லை. இந்த பாக்டீரியா தழைச்சத்து தருவதோடு, வேரை நன்றாகப் பரவவைக்கும் வளர்ச்சிப் பொருளையும் சுரக்கிறது என்பது பின்னாளில் தெளிவானது. வேர் பரவினால் தண்ணீரும் சத்தும் கூடுதலாக ஏறும். பல பயிர்களில் கிடைக்கும் பலனுக்கு இதுவும் பெரிய காரணம்.

கரும்பும் எரிபொருளும்

1973இல் கச்சா எண்ணெய் விலை திடீரென்று பல மடங்கு ஏறியது. எண்ணெயின் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த பிரேசில் தடுமாறியது. 1975 நவம்பரில் அதிபர் கைசல் அரசு, கரும்பிலிருந்து எத்தனால் எடுத்து வண்டி ஓட்டும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் புரோஆல்கூல் என்று பெயர். 1979இல் முழுக்க எத்தனாலில் ஓடும் கார்கள் சாலைக்கு வந்தன.

இங்கேதான் டோபரைனரின் வேலை முக்கியமானது. யூரியா போன்ற தழைச்சத்து உரங்களைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு, எண்ணெய் போன்ற எரிபொருட்களைச் செலவழித்தே தயாரிக்கிறார்கள். எண்ணெயை மிச்சப்படுத்தக் கரும்பு போட்டு, அந்தக் கரும்புக்கு மூட்டை மூட்டையாக உரம் கொட்டினால், ஒரு கையால் மிச்சப்படுத்தியதை மறு கையால் செலவழித்ததாகும்.

பிரேசில் கரும்பில் ஒரு புதிர் இருந்தது. குறைந்த தழைச்சத்து உரத்தோடு பல பத்தாண்டுகள் பயிர் செய்தும் பல வயல்களில் மண் வளம் குன்றவில்லை, மகசூலும் விழவில்லை. எடுத்துக்கொண்ட தழைச்சத்து எங்கிருந்து வந்தது? செரோபெடிகா குழு 1988இல் கரும்பின் உள்ளேயே, சர்க்கரைச் சாற்றுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி வெளியிட்டது. அதுதான் இன்று குளுகோன்அசிட்டோபாக்டர் என்று கரும்புக்காக விற்கப்படும் உயிர் உரம்.

இதை உறுதிசெய்ய வெளிநாட்டு ஒத்துழைப்பும் தேவைப்பட்டது. மண்ணிலிருந்து வந்த நைட்ரஜனையும் காற்றிலிருந்து வந்ததையும் பிரித்தறிய, எடை கூடிய நைட்ரஜனை அடையாளமாகக் கலந்து சோதிக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை இந்த முறையை வளரும் நாடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. பிரிட்டன், பெரு போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் அந்தக் குழுவில் வேலை செய்தார்கள். தொட்டியில் நடந்த சோதனைகளில், சில ரகங்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெற்றதாக 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். எல்லா ரகங்களிலும், எல்லா வயல்களிலும் இதே அளவு கிடைப்பதில்லை என்பதையும் நீங்கள் மனதில் வைக்க வேண்டும்.

பிரேசிலில் கரும்புக்கு எக்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவான தழைச்சத்து இடுவதுதான் வழக்கம். நம் தமிழ்நாட்டில் 225 முதல் 300 கிலோ வரை இடுகிறோம். ஆலையைச் சக்கையை எரித்தே ஓட்டுவதும், உரம் குறைவாக இடுவதும் சேர்ந்துதான், செலவழித்த எரிபொருளைப் போல் சுமார் 8 மடங்கு ஆற்றலை பிரேசில் எத்தனால் திருப்பித் தந்தது.

கொள்கை மாறும், மண் மாறாது

புரோஆல்கூல் திட்டத்திலும் மேடு பள்ளம் இருந்தது. 1980களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தது. அரசின் ஆதரவு குறைந்தது. 1989இல் எத்தனால் தட்டுப்பாடு வந்து, கார் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். எத்தனாலை நம்பிக் கரும்பு போட்டவர்களுக்கும் அது சோதனைக் காலம். ஆனால் உரச் செலவைக் குறைத்து வைத்திருந்தவருக்கு விலை இறங்கினாலும் அடி குறைவாகத்தான் விழும்.

டோபரைனருக்கு 1989இல் யுனெஸ்கோவின் அறிவியல் விருது கிடைத்தது. பிரேசில் விஞ்ஞானிகளில் உலகம் அதிகம் எடுத்துக்காட்டும் பெயர்களில் ஒன்றாக அவர் பெயர் இருந்தது. இருந்தும் பெரிய நகரத்துக்குப் போகாமல் செரோபெடிகாவிலேயே இருந்து, பல நாட்டு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

நம் நாட்டில் 2018இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2023 செப்டம்பரில் புதுடெல்லியில் இந்தியா, பிரேசில், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து உலக உயிரி எரிபொருள் கூட்டணியைத் தொடங்கின. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கை நாடு 2025இல் எட்டியது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கிராக்கி இருக்கும் என்று நீங்கள் கேள்விப்படுவீர்கள். இரண்டுமே தழைச்சத்தை அதிகம் கேட்கும் பயிர்கள். விலையை அரசும் ஆலையும் தீர்மானிக்கின்றன. செலவைக் குறைப்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

பயிருக்கு ஏற்ற உயிர் உரம் வாங்குங்கள். நெல், மக்காச்சோளம், சோளம், காய்கறிகளுக்கு அசோஸ்பைரில்லம். கரும்புக்கு அசோஸ்பைரில்லம் அல்லது குளுகோன்அசிட்டோபாக்டர். பயறு வகைகளுக்கும் நிலக்கடலைக்கும் அந்தந்தப் பயிருக்கான ரைசோபியம்.

காலாவதி தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள பொருள். வெயில் படும் இடத்திலும், உர மூட்டைக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

விதை நேர்த்தி செய்யும்போது ஆறிய கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வயலில் இடும்போது நன்கு மட்கிய தொழு உரத்துடன் கலந்து, ஈரம் இருக்கும்போது வேர்ப் பகுதியில் இடுங்கள். காய்ந்த மண்ணில் தூவினால் பணம் வீண். அளவைப் பாக்கெட்டில் உள்ளபடியோ வேளாண் அலுவலர் சொன்னபடியோ கடைப்பிடியுங்கள்.

பூஞ்சாணக் கொல்லியுடனோ, யூரியாவுடனோ சேர்த்துக் கலக்காதீர்கள். கரும்புக் கரணையைப் பூஞ்சாணக் கொல்லியில் நனைத்திருந்தால், உயிர் உரத்தைச் சில நாட்கள் கழித்துத் தொழு உரத்துடன் மண்ணில் இடுவது நல்லது.

யூரியாவை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. பிரேசில் அளவை அப்படியே இங்கே பின்பற்ற வேண்டாம். அந்த மண் வேறு, ரகம் வேறு.

முதல் ஆண்டில் முழு வயலிலும் செய்யாமல், ஒரே வயலில் இரண்டு பாத்திகளை ஒதுக்குங்கள். ஒன்றில் வழக்கமான முறை. மற்றொன்றில் உயிர் உரமும் குறைந்த யூரியாவும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு, செலவையும் எழுதி வையுங்கள். டோபரைனர் சோயாவில் அரசிடம் வாதாடியதும் வயலில் கண்டதை வைத்துத்தான். உங்கள் வயலுக்கு எது சரி என்பதை உங்கள் எடைக்கணக்கே சொல்லிவிடும்.