வ.உ.சி. தன் மகனுக்கு ஆங்கிலேய நீதிபதியின் பெயரை வைத்தது ஏன்?

வாலேஸ்வரன். கேட்டால் ஏதோ கிராமத்துச் சிவன் கோயில் சாமி பெயர் மாதிரிதான் இருக்கும். ஆனால், இ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. வைத்தவர் வ.உ.சிதம்பரனார். பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டு, ராஜ துரோகி என்று 40 ஆண்டு தண்டனை வாங்கிய அதே வ.உ.சி.தான்!

முரணாகத் தெரிகிறதா? இதைப் புரிந்துகொள்ள, அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீல். ஏழைகளுக்காக வாதாடி, போலீஸ்காரர்களையே குற்றவாளிக் கூண்டு வரை கொண்டுபோனதாகப் பெயர் எடுத்தவர். உள்ளூரில் பகை வளர்ந்ததால் 1900 வாக்கில் தூத்துக்குடிக்கு இடம் மாறினார்.

அங்கே அவர் தொடங்கிய கிளர்ச்சிகூட சட்டப்படிதான் நடந்தது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் முறையாகப் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். வெள்ளைக்காரன் போட்ட கம்பெனிச் சட்டத்தை வைத்தே வெள்ளைக்காரனின் கொழும்பு வருமானத்தில் கை வைத்தார் வ.உ.சி. எதிராளிகள் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் சமாளிக்க முடியவில்லை.

கப்பலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மில்லை நடத்திய ஹார்வி நிர்வாகம் சில நாட்களிலேயே இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது. அரசாங்கத்தைப் பயமுறுத்தியது, என் கணிப்பில், இந்த வெற்றிதான்.

மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. தாமிரபரணிக் கரை தைப்பூச மண்டபத்தில் அவர் பேச்சைக் கேட்டுப் பழகிய ஊர் அது. கடைகள் மூடின, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு தண்டப் போலீஸை நிறுத்தி, அதற்கான செலவையும் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள்.

இப்போ வழக்குக்கு வருவோம். வ.உ.சி. மீது இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, அவருடைய பேச்சு ராஜ துரோகம் என்பது. இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ பிரிவு. 2022-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததே, அதே பிரிவுதான். இன்னொன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்தார் என்பது. சிவாவைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டதும் இதில் சேர்த்தி. நீதிபதி பின்ஹே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் தண்டனை விதித்தார். தலா 20 ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. பேசியதற்கும் நண்பனுக்கு இடம் கொடுத்ததற்கும் மொத்தம் 40 ஆண்டு.

மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. கோவை, கண்ணனூர் சிறைகளில் காலம் கழிந்தது. செக்கிழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம், உள்ளே இருந்தபடியே சட்ட நுணுக்கங்களைப் பிடித்து அவர் விடாமல் மனு போட்டுக்கொண்டிருந்தார் என்பது. செக்கில் கட்டினாலும் மனுஷன் வக்கீல்தான்!

1912 டிசம்பர் 24 அன்று விடுதலை. வாசலில் பெருங்கூட்டம் எதுவும் இல்லை. கப்பல் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, சன்னது பறிபோனது. சன்னது என்றால் வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம். தண்டனையோ முடிந்துவிட்டது, ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்யும் உரிமை திரும்பவில்லை. சென்னையில் மளிகை விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். கையில் காசு இல்லாத அந்த நாட்களில், தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தனக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த 347 ரூபாய் சொச்சத்துக்காக அவருக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

1920-ல் இன்னொரு நெருக்கடி. காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் வக்கீல்களை நீதிமன்றத்தை விட்டு வெளியே வரச் சொன்னது. உள்ளே போகவே அனுமதி இல்லாதவர் வ.உ.சி.! திலகர் வழியில் வந்த அவருக்கு அந்தத் திட்டத்தில் உடன்பாடும் இல்லை. காங்கிரஸிலிருந்து விலகினார். துரோகி என்று அரசாங்கம் சொன்னவரை, ஒதுங்கிப்போய்விட்டார் என்று இயக்கத்துக்காரர்கள் பேசினார்கள். 1927-ல் சேலம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி மறுபடி மேடை ஏறியபோதும், பிராமணர் அல்லாதாருக்கான பிரதிநிதித்துவத்தை ஆதரித்துப் பேசத் தயங்கவில்லை.

சன்னது திரும்பக் கிடைத்ததும் 1920-களில்தான். அதற்கு உதவியவர்தான் நீதிபதி வாலஸ். 1908-ல் திருநெல்வேலியில் பணியில் இருந்தவர், வ.உ.சி.யை அப்போதே அறிந்தவர். அந்த நன்றிக்குத்தான் மகனின் பெயர்.

இதை வெள்ளைக்காரனிடம் பணிந்துபோனதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆட்சியை எதிர்ப்பது வேறு, அந்த ஆட்சியில் நியாயமாக நடந்த ஒரு மனிதரை நினைவில் வைப்பது வேறு. சிறையிலேயே ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் தமிழில் தரத் தொடங்கியவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?

கறுப்புக் கோட்டு திரும்பினாலும் பழைய வருமானம் திரும்பவில்லை. கோவில்பட்டியில் தொழில் செய்துவிட்டு, 1932-ல் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தார். உடல்நிலை மோசமானதும் எழுதிய உயிலில் கடைப் பாக்கிகள் உட்படக் கடன்களைக் குறித்து வைத்தார். கடைசி நாட்களில் தன்னைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். 1936 நவம்பர் 18 அன்று, அங்கேயே உயிர் பிரிந்தது.