கார்ல் லெம்லே

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள லௌப்ஹைம் என்னும் சிற்றூரில், 1867-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், ஓர் யூதக் குடும்பத்திலே பிறந்தவர் கார்ல் லெம்லே. அன்னையார் மறைந்தபின் ஊரில் மனம் பொருந்தாது, 17-ஆம் பிராயத்திற் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தார். சில்லறை வேலைகள் பல பார்த்து, விஸ்கான்ஸின் மாகாணத்து ஆஷ்காஷ் நகரில் ஒரு துணிக்கடையிற் கணக்கராய் அமர்ந்து, பின்னர் அதன் நிர்வாகியுமாயினார். முதலாளியோடு மனத்தாங்கல் நேரவே, 1906-இல் அதனை விடுத்துச் சிக்காகோவிற் சிறியதொரு படக்கொட்டகை திறந்தார். அன்று அவர் மற்றுமொரு துணிக்கடையே வைத்திருப்பாராயின், நாம் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டோம். ஆறாண்டுகளில் யூனிவர்ஸல் என்னும் படக்கம்பெனி எழுந்தது.

செல்வம் வந்தபின்னும் அவர் பிறந்த ஊரை மறந்தாரல்லர். முதல் உலகப்போரால் நலிந்த லௌப்ஹைமுக்குப் பொருளுதவி புரிந்தார். ஊராரும் ஒரு வீதிக்கு அவர் பெயரிட்டு மகிழ்ந்தனர்.

1930-இல் அவர் கம்பெனி, போரின் கொடுமையைக் காட்டும் படமொன்றை வெளியிட்டது. ரெமார்க் என்னும் ஜெர்மானியர் இயற்றிய நாவலே அதற்கு மூலம். டிசம்பரில் பெர்லினிற் காட்டப்பட்டபோது, கெப்பல்ஸ் தலைமையில் நாஜிகள் கொட்டகையுட் புகுந்து துர்நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளையும் அவிழ்த்துவிட்டனர். சில நாட்களில் அரசாங்கம் படத்தைத் தடுத்துவிட்டது. மறு ஆண்டு, காட்சிகள் சில வெட்டப்பட்ட பின்னரே தடை நீங்கிற்று. அவ்வெட்டுக்கு லெம்லே இசைந்தார் என்பதை நாம் மறைத்தல் தகாது. வணிகர் அங்கே வணிகராகவே நின்றார்.

ஆயினும் அபாயத்தை அவர் உணராதிருக்கவில்லை. ஹிட்லர் பதவியேறுதற்கு ஓராண்டு முன்பே, 1932 ஜனவரியில், பத்திரிகையதிபர் ஹெர்ஸ்டுக்குக் கடிதம் வரைந்தார். அம்மனிதன் ஆட்சி பெறின் ஆயிரக்கணக்கான யூதர் அழிவரென்றும், ஹெர்ஸ்ட் தம் பத்திரிகைகளில் எதிர்த்தெழுதவேண்டுமென்றும் வேண்டினார். ஹிட்லரின் கட்டுரைகளையே வெளியிட்ட பத்திரிகைகள் அவை! 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர்; லௌப்ஹைம் வீதியினின்றும் லெம்லேயின் பெயர் அகற்றப்பட்டது.

1936-இற் கம்பெனி அவர் கைவிட்டுப் போயிற்று. அதன்பின் அவர் கைக்கொண்ட தொழில் யாதெனின், கையொப்பமிடுதலே. அமெரிக்காவிற் குடிபுக விரும்புவோர் அரசாங்கத்திற்குச் சுமையாகாரென்று அந்நாட்டவர் ஒருவர் பிணைநின்று அக்காலத்திற் பிரமாணப் பத்திரம் தரவேண்டியிருந்தது. உறவினர்க்கும், ஊராருக்கும், முகமறியாதவர்க்குங்கூட அவர் அதனை வழங்கினார். ஒருவர் எத்தனை பேருக்குத்தான் பிணைநிற்பதென்று ஸ்டட்கார்ட் நகரத்து அமெரிக்கக் கான்ஸல் காரியாலயம் ஐயுற்றது. எழுபது கடந்த கிழவரின் ஆயுளும் அங்கே கணக்கிடப்பட்டது. அவரோ கடிதமேற் கடிதமெழுதி வாதாடினார். தம் கையொப்பம் செல்லாதெனின் பிறருடையதேனும் செல்லட்டுமென்று நண்பர்களையும் நெருக்கினார். இவ்வாறு முந்நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர்தப்பினர்.

போர் மூண்டு நான்கு வாரம் நிறையுமுன், 1939 செப்டம்பர் 24-ஆம் நாள், ஹாலிவுட் அருகே அவர் காலமானார். லௌப்ஹைமில் எஞ்சியிருந்த யூதரைச் சில ஆண்டுகளில் நாஜிகள் கீழ்த்திசைக்கு நாடுகடத்தினர். இன்று அவ்வூர் உயர்நிலைப் பள்ளியொன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.