வயிற்று வலியோடு நாடாண்ட ஈடன்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டுள்ள வைத்தியநாத சுவாமியை வேண்டி, திருமலை நாயக்கர் தம் வயிற்று நோய் நீங்கப் பெற்றார் என்று சொல்வார்கள். வயிற்று நோயோடு போராடிய ஆட்சியாளர் ஒருவர் இங்கிலாந்திலும் இருந்தார். அவர்தான் ஆண்டனி ஈடன். அவருடைய நோய் லேசில் விடவில்லை.

ஈடன் 1897-ல் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் பெற்றார். அந்தப் போரில் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். 38 வயதில் வெளிநாட்டு மந்திரி ஆனார். அழகர், நேர்த்தியாக உடுத்துபவர். சர்ச்சிலுக்குப் பிறகு பிரதமர் இவரே என்று எல்லோரும் நினைத்திருந்தனர்.

பித்தப்பையில் கல் வந்தது. 1953 ஏப்ரல் 12-ந்தேதி லண்டனில் ஆபரேஷன் நடந்தது.

கல்லீரலில் ஊறும் பித்தநீர், மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. அதைச் சேர்த்து வைக்கும் சிறு பைதான் பித்தப்பை. பை இல்லாமல் வாழலாம். குழாய் இல்லாமல் முடியாது. ஈடனுக்குப் பையை எடுக்கும்போது குழாயும் வெட்டுப்பட்டுவிட்டது! பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்தது. 29-ந்தேதி மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

இந்நாளில் வாய் வழியாகக் கருவியை விட்டு, குழாய்க்குள் சிறு குழாய் பொருத்தியே பல கசிவுகளை நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கோளாறு அபூர்வம்தான். ஆனாலும் பித்தப்பையை எடுத்த பிறகு வயிற்று வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

அன்று அந்த வசதி ஏது? ஈடன் அமெரிக்காவுக்குப் போனார். ஜூன் 10-ந்தேதி பாஸ்டன் நகரில் டாக்டர் கேட்டல் குழாயைச் சீர்செய்தார். அதே மாதம் 23-ந்தேதி சர்ச்சிலுக்குப் பக்கவாதம்! ஈடன் நலமாக இருந்திருந்தால் அப்போதே பிரதமர் ஆகியிருக்கக்கூடும். 1955 ஏப்ரல் வரை காத்திருந்தார்.

பதவி வந்தது; பழைய நோயும் கூடவே வந்தது. 1956-ல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அந்த நெருக்கடியின் நடுவே, அக்டோபரில் ஈடனுக்குக் கடுங்காய்ச்சல். தூங்க ஒரு மாத்திரை, விழித்திருக்க ஒரு மாத்திரை என்று நாட்கள் ஓடின. மாதக் கடைசியில் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் மீது குண்டு போட்டன. அமெரிக்கா எதிர்த்தது, இந்தியா கண்டித்தது. நவம்பர் 6-ந்தேதி சண்டையை நிறுத்த நேர்ந்தது.

அந்தத் தோல்வியை நோயின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது. நாசரிடம் அவருக்கு இருந்த கோபம் பெரிது. ஆனால் நிதானம் வேண்டிய நேரத்தில் உடம்பு அவருக்குக் கைகொடுக்கவில்லை.

1957 ஜனவரி 9-ந்தேதி, உடல்நிலையைக் காரணம் சொல்லி ஈடன் பதவி விலகினார். சில மாதத்தில் மீண்டும் பாஸ்டன்; மீண்டும் அதே டாக்டர்; மீண்டும் ஆபரேஷன். அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 1977-ல், 79-வது வயதில், அவர் உயிரைக் கொண்டுபோனது புற்றுநோய்.