கராடிலிருந்து தில்லிக்கு: அமரர் யஷ்வந்த்ராவ் சவாண்

மஹாராஷ்டிரத்தில் பல்லாண்டுகளாக வசிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு யஷ்வந்த்ராவ் சவாண் என்ற பெயர் புதிதல்ல. ஆனால் இன்றைய இளைய தலைமுறைக்கு அவர் ஒரு சாலையின் பெயர், மும்பையில் ஒரு அரங்கத்தின் பெயர், அவ்வளவுதான். அந்தக் குறையைச் சற்றேனும் போக்கவே இதை எழுதுகிறேன்.

1913 மார்ச் 12 அன்று, இன்றைய சாங்லி மாவட்டத்திலுள்ள தேவராஷ்ட்ரே என்ற சிற்றூரில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாயார் விட்டாபாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். கராட் பள்ளியில் படிக்கும்போதே சுதந்திரப் போரில் இறங்கி 1932-ல் சிறை சென்றார். மன்னிப்புக் கேட்டால் விடுதலை கிடைக்கும் என்று சிலர் யோசனை சொன்னபோது, அதெல்லாம் வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அந்தத் தாய் மகனிடம் கூறிவிட்டு வந்தாராம். பின்னர் கோலாப்பூரில் பி.ஏ., புணேயில் சட்டம் என்று படித்து வக்கீலானார். 1942 ஜூனில் வேணுதாயை மணந்தார். சில வாரங்களில் ஆகஸ்ட் போராட்டம் தொடங்க, அவர் தலைமறைவானார். கணவரைத் தேடி வந்த போலீஸார் புதுமணப் பெண்ணையும் சிறையில் அடைத்தனர்.

1946-ல் பம்பாய் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாயின் பார்லிமெண்டரி செயலாளரானார். இந்த மொரார்ஜி பின்னால் மீண்டும் வருவார்.

1956 நவம்பர் 1-ல், 43 வயதில், இருமொழி பம்பாய் மாநிலத்தின் முதல்வரானார். அது முள்கிரீடம். பம்பாய் நகரத்துடன் கூடிய மராத்தி மாநிலம் கேட்டு நடந்த கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். சம்யுக்த மஹாராஷ்டிரத்தைவிட நேருவே தமக்குப் பெரிது என்ற பொருளில் அவர் பேசியதை மராத்தி மக்கள் எளிதில் மன்னிக்கவில்லை. 1957 தேர்தலில் மேற்கு மஹாராஷ்டிரத்தில் காங்கிரஸ் பலத்த அடி வாங்கியது. முதல்வரே கராடில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பினார். ஆனால் அதே மனிதர்தான், வீதியில் இறங்காமல், இந்த ஏற்பாடு நிலைக்காது என்பதை தில்லிக்குப் பொறுமையாகப் புரியவைத்து, 1960 மே 1-ல் பம்பாயுடன் மஹாராஷ்டிரம் பிறக்க வழி செய்தார். சந்தர்ப்பவாதம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நிர்வாகியின் சாமர்த்தியமாகவே படுகிறது. ஜில்லா பரிஷத்துகள், கூட்டுறவு சர்க்கரை ஆலைகள், கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகம் எல்லாம் அவர் ஊன்றிய அல்லது நீரூற்றிய செடிகள்.

1962-ல் சீனப் படையெடுப்பால் கிருஷ்ண மேனன் பதவி விலக, நேரு சவாணை அழைத்தார். நவம்பர் 21 அன்று பாதுகாப்பு மந்திரியாகப் பதவியேற்றார். சீனா போர் நிறுத்தம் அறிவித்ததும் அதே நாளில்தான். மனம் உடைந்திருந்த ராணுவத்தை அவர் கடிந்துகொள்ளவில்லை. தளபதிகளின் வேலையில் மூக்கை நுழைக்கவும் இல்லை. மலைப்போர் டிவிஷன்கள் உருவாயின. படைபலம் எட்டேகால் லட்சமாக நிர்ணயிக்கப்பட்டது. பாதுகாப்புக்கென்று முதல் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. 1965 செப்டம்பர் 1 மாலை, சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறியபோது, விமானப் படையை இறக்க அனுமதி கேட்டனர். கோப்பு, குறிப்பு, கூட்டம் எதுவுமின்றிச் சில நிமிடங்களில் சம்மதித்தார். பொழுது சாய்வதற்குள் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பின. ஒரு கோப்பு மேஜைவிட்டு மேஜை நகர எத்தனை நாளாகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். ஆகவே எனக்கு இது பெரிய விஷயம்.

அதன்பின் 1966-ல் உள்துறை, 1970-ல் நிதி, 1974-ல் வெளியுறவு. பங்களாதேஷ் அகதிகளுக்காக 1971-ல் ஒவ்வொரு தபாலிலும் ஐந்து பைசா ஸ்டாம்ப் கூடுதலாக ஒட்டினோமே, அது அவர் நிதி மந்திரியாக இருந்த காலம்.

பிரதமர் பதவி மட்டும் கிட்டவில்லை. தயக்கம் அவருடைய பலவீனம் என்று சொல்வார்கள். 1969 பிளவில் முதலில் சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தவர், பிறகு இந்திராவுடனேயே இருந்துவிட்டார். நெருக்கடி நிலையின்போதும் மந்திரிசபையில் மௌனமாக இருந்தார். அவரை மதிக்கும் எனக்கும் இது உறுத்தல்தான்.

1979 ஜூலையில் மொரார்ஜி அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர் இதே சவாண். மொரார்ஜி விலகியதும் ஜனாதிபதி சஞ்சீவ ரெட்டி முதலில் அழைத்ததும் இவரைத்தான். எண்ணிக்கை சேரவில்லை. பார்லிமெண்டை ஒரு நாள்கூடச் சந்திக்காத சரண் சிங் அரசில் துணைப் பிரதமரானார். 1981-ல் இந்திரா காங்கிரஸுக்குத் திரும்பியவருக்கு மந்திரி பதவி தரப்படவில்லை. எட்டாவது நிதிக் கமிஷனின் தலைமைதான் கிடைத்தது. அந்த அறிக்கையை உத்தியோக நிமித்தமாகப் பலமுறை புரட்டியிருக்கிறேன்.

குழந்தைகள் இல்லாத அவருக்கு எல்லாமாக இருந்த வேணுதாய் 1983 ஜூன் 1-ல் மறைந்தார். அதன்பின் அவர் தேறவில்லை. 1984 நவம்பர் 25-ல் தில்லியில் காலமானார். அவர் சேர்த்த நூல்கள் கராடில் மனைவியின் பெயரிலுள்ள நினைவகத்தில் இருக்கின்றன.

புணேயிலிருந்து கோலாப்பூர் மஹாலக்ஷ்மி தரிசனத்துக்குச் செல்லும் அன்பர்கள் வழியில் கராடில் சிறிது நேரம் இறங்கலாம். கிருஷ்ணாவும் கொய்னாவும் நேருக்கு நேர் வந்து கலக்கும் ப்ரீதி சங்கமத்தின் கரையில் அவருடைய சமாதி இருக்கிறது.