அடிமையாய் வந்து அரசியான புனித பத்தில்தா

ஏழாம் நூற்றாண்டிலே, இன்றைய பிரான்சு தேசத்தை ஆண்ட பிராங்கு மக்களின் அரசு பிரிந்து கிடந்தது. கிழக்கு நாடு ஆஸ்திரேசியா. பாரிஸ், சுவாசோன் நகரங்களைக் கொண்ட மேற்கு நாடு நியூஸ்ட்ரியா. அதன் மக்கள் நியூஸ்ட்ரியர். அவர்களுக்கு அரசியாகி, பின்னர் பீடத்தின் மகிமைக்கு உயர்ந்த பெண்மணி அவர்கள் இனத்தவர் அல்லர். விலைக்கு வாங்கப்பட்ட அடிமை!

பத்தில்தா, கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் சாக்சன் இனத்தில் பிறந்தவர். இளமையிலேயே மலிந்த விலைக்கு விற்கப்பட்டு, நியூஸ்ட்ரியாவின் அரண்மனைத் தலைவர் எர்க்கினோவால்டின் வீட்டில் பணிப்பெண்ணானார். மூத்த பணிப்பெண்களின் காலணிகளைக் கழற்றி, பாதங்களைக் கழுவுவாராம். அவரது அடக்கத்தையும் அறிவையும் கண்ட அரசர் இரண்டாம் குளோவிஸ் அவரை மணந்தார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர்.

657-இல் அரசர் இறந்தார். மூத்த மகன் குளோத்தேர் சிறுவன். ஆட்சிப் பொறுப்பு தாயின் கைக்கு வந்தது. அடிமைச் சந்தையை அனுபவித்து அறிந்தவரல்லவா! கிறிஸ்தவர்களை அடிமைகளாக விற்பதைத் தடை செய்தார். பணம் கொடுத்துப் பலரை மீட்டார். தம் சாக்சன் இனத்தாரைத் தேடி மீட்டார். தலைவரிக்கு அஞ்சிய ஏழைகள் பெற்ற பிள்ளைகளையே சாகவிட்ட கொடுமையைக் கண்டு, அவ்வரியை நீக்கினார். திருச்சபைப் பதவிகளைப் பணத்துக்கு விற்கும் பாவத்தையும் தடுத்தார். அடிமைகளை மீட்பதில் பேர்பெற்ற ஆயர் புனித எலிஜியுஸ் அவருக்கு ஆலோசகராய் இருந்தார்.

கோர்பியில் ஆண்களுக்கும், பாரிசுக்கு அருகே ஷெல் ஊரில் பெண்களுக்கும் துறவு மடங்கள் எழுப்பினார். தம் பொற்கச்சையையே கழற்றித் துறவியருக்குத் தானம் செய்தார்.

மகன் வளர்ந்தபின் பிரபுக்களின் பகை மூண்டது. 665-ஆம் ஆண்டையொட்டி அரசி அரண்மனையை விட்டு ஷெல் மடம் சேர்ந்தார். தாம் கட்டிய மடமாயினும் அங்கே தலைமை நாடவில்லை. மடத்துத் தாயார் பெர்த்திலாவுக்குக் கீழ்ப்படிந்து, சமையற்கட்டிலும் நோயாளிகளிடமும் பணி செய்தார். அன்று விலைக்கு விற்கப்பட்டுச் செய்த ஊழியத்தை, இன்று அன்பினால் தாமே ஏற்றார்.

680-ஆம் ஆண்டையொட்டி இறையடி சேர்ந்தார். அவருடையதென வழங்கும் மேலாடை ஷெல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் கழுத்தணிகளும் சிலுவையும் பட்டு நூலால் தைக்கப்பட்டுள்ளன. பொன்னை ஏழைகளுக்கு ஈந்தவருக்கு நூலே நகையாயிற்று போலும்!

திருநாள் ஜனவரி 30. உயர்ந்தபின் பழைய துயரை மறவாத இந்தத் தாய் நமக்காக வேண்டிக்கொள்வாராக.